உயர்ந்த ஆயிலா, உகந்த ஆயிலா?

சங்ககிரியில் உள்ள எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய லாரி நிற்கிறது. டாட்டா நிறுவனமும் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து 1954ஆம் ஆண்டு முதல் ஜாம்ஷெட்பூரில் தயாரித்த வண்டிகளின் வரிசையைச் சேர்ந்தது அது. அந்தக் கூட்டு 1969இல் முடிவுக்கு வந்தது. அதற்கு முந்தைய காலத்தின் அடையாளமான மும்முனை நட்சத்திரம் எங்கள் வண்டியின் முகப்பில் இன்றும் உள்ளது. என் தந்தையார் இதனை வங்கிக் கடன் பெற்று, பிறர் ஓட்டிய வண்டியாகவே வாங்கினார். எங்கள் மூவரின் படிப்பும் அக்காளின் திருமணமும் இந்த லாரியின் சம்பாத்தியம். தவணை செலுத்தச் செல்லும்போது அவர் என்னையும் உடன் அழைத்துச் செல்வார். நான் வணிகவியல் பயின்று வங்கிப் பணிக்கு வந்ததன் தொடக்கம் அதுவே.

தந்தையார் மறைந்த பின் சில ஆண்டுகள் வண்டி அசையாமல் நின்றது. சென்ற ஆண்டு அதனை மீண்டும் ஓடச் செய்வதென்று நானும் தம்பியும் முடிவு செய்தோம். “அப்பாவின் வண்டிக்கு மட்டமானதை ஊற்றுவதா?” என்று கூறி, கடையில் இருந்தவற்றுள் மிக விலையுயர்ந்த ஆயிலைத் தம்பி வாங்கி வந்தான். புதிய கார்களுக்கான, முழுவதும் செயற்கை முறையில் தயாரித்த 5டபிள்யூ-30 ஆயில் அது. இஞ்சின் சூடேறிய அரை மணி நேரத்தில் ஆயில் பிரஷர் முள் கீழிறங்கியது. கிராங்க் சீல் வழியே ஆயில் சொட்டத் தொடங்கியது. தந்தையாருடன் பழகிய முதிய மெக்கானிக் உடனே இஞ்சினை நிறுத்தச் சொன்னார். “ஆயில் நல்ல ஆயில்தான் தம்பி, இந்த இஞ்சினுக்குத்தான் நல்லதில்லை” என்றார்.

அவர் சொன்னதே என் கருத்தும். உயர்ந்தது வேறு, உகந்தது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால்தான் பழைய வண்டிகள் பல, பாசத்தினாலேயே பழுதடைகின்றன.

ஆயில் டப்பாவின் மேல் உள்ள எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்வது கடினமன்று. ‘டபிள்யூ’ என்ற எழுத்துக்கு முன்னுள்ள எண், குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் குறிக்கும். பின்னுள்ள எண், இஞ்சின் சூடேறிய நிலையில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைக் குறிக்கும். புதிய இஞ்சின்களில் பேரிங்குகளின் இடைவெளி மிக நுட்பமானது; மெல்லிய ஆயில் அங்கே பொருந்தும். அரை நூற்றாண்டு உழைத்த இஞ்சினில் தேய்மானத்தால் இடைவெளி பெருகியிருக்கும். மெல்லிய ஆயில் அதில் தங்காமல் வழிந்தோடும், அழுத்தம் குறையும், உலோகத்தோடு உலோகம் உரசும். எனவே நம் நாட்டு வெப்பத்தில் பழைய டீசல் லாரிக்கு 15டபிள்யூ-40 மினரல் ஆயில் பொதுவாக ஏற்றது. தேய்மானம் மிகுந்திருந்தால் 20டபிள்யூ-50 குறித்து மெக்கானிக்கிடம் கலந்து முடிவு செய்யலாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஏ.பி.ஐ. தர எழுத்து. ‘எஸ்’ என்று தொடங்குவது பெட்ரோல் இஞ்சினுக்கு. ‘சி’ என்று தொடங்குவது டீசலுக்கு. சி.எஃப்-4, சி.ஐ-4 போன்ற தரங்கள் பழைய லாரிக்குப் போதுமானவை. சி.கே-4 போன்ற பிந்தைய தரங்கள், புகைக்குழாயில் வடிகட்டி பொருத்திய வண்டிகளையும் மனத்தில் கொண்டு சாம்பல் குறைவாகத் தயாரிக்கப்பட்டவை. நம் லாரியில் அந்த வடிகட்டியே இல்லை. இல்லாத உறுப்புக்காகக் கூடுதல் விலை கொடுப்பானேன்?

“பழைய வண்டிதானே, எதை ஊற்றினால் என்ன?” என்போரும் உளர். அதுவும் தவறு. பீப்பாயிலிருந்து அளந்து விற்கும் ஆயிலின் தரத்திற்கு எவரும் பொறுப்பில்லை. முத்திரை உடையாத டப்பாவை ரசீதுடன் வாங்குவதும், காலி டப்பாவைத் துளையிட்டு எறிவதும் போலிகளைத் தடுக்கும் எளிய வழிகள். “அந்தக் காலக் கையேட்டில் உள்ள ஒற்றை கிரேடு ஆயிலே வேண்டும்” என்ற பிடிவாதமும் தேவையில்லை. இக்கால ஆயில்களில் அழுக்கை நீக்கும் பொருள்கள் மேம்பட்டவை. ஆனால் ஓர் எச்சரிக்கை: நெடுங்காலம் படிந்த கசடு அவற்றால் கரைந்து வந்து பில்டரை அடைக்கக்கூடும். ஆகவே முதல் ஆயிலையும் பில்டரையும் விரைவாகவே மாற்றிவிட வேண்டும். அரிதாக ஓடும் வண்டியானாலும், கிலோமீட்டர் கணக்குப் பாராமல் ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்ற வேண்டும். நிற்கும் வண்டியிலும் ஈரமும் அமிலமும் ஆயிலைக் கெடுக்கும். கழித்த ஆயிலை மண்ணில் ஊற்றாமல், உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பது நம் கடமை.

இதனை எழுதும்போது என் மேசைக்கு முன் அமரும் வாடிக்கையாளர்கள் நினைவுக்கு வருகின்றனர். “எந்தத் திட்டத்தில் வட்டி அதிகம்?” என்பதே பலரின் முதல் கேள்வி. “எனக்கு எது பொருந்தும்?” என்று கேட்பவர் சிலரே. மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு ஆறு மாதத்தில் தேவைப்படும் பணத்தை ஐந்தாண்டு வைப்பில் போட்டுவிட்டு, பின்னர் இடையில் எடுத்து வட்டி இழந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். குறை அவர்கள்மீது மட்டுமன்று. மேசையின் இப்பக்கம் இருக்கும் நாங்களும் சில வேளைகளில், கையில் உள்ள டப்பாவை விற்கும் கடைக்காரரைப் போல் நடந்துகொள்கிறோம். வாடிக்கையாளரின் வயது, வருமானம், பொறுப்புகள் ஆகியவற்றைக் கேட்டறியாமல் பரிந்துரைக்கும் எந்தத் திட்டமும், இஞ்சினைப் பாராமல் ஊற்றிய ஆயிலே. எனவே அடுத்த முறை கிளைக்கு வரும்போது இந்த ஒரு கேள்வியை அவசியம் கேளுங்கள்: “இது என் நிலைக்கு ஏன் பொருந்தும்?” விடை தெளிவாக இல்லையெனில் கையொப்பமிட அவசரம் வேண்டாம்.

எங்கள் லாரிக்கு அந்த மெக்கானிக் 15டபிள்யூ-40 ஊற்றினார். விலை, தம்பி முதலில் வாங்கியதில் பாதிக்கும் குறைவு. பிரஷர் முள் நிலையாக நின்றது. சீலை மாற்றியதும் சொட்டுவதும் நின்றது. ஆயுத பூசையன்று மாலை அணிவித்து ஊர் எல்லை வரை ஓட்டிச் சென்றோம். அம்மா முன் இருக்கையில் அமர்ந்து வந்தார். மிஞ்சிய விலையுயர்ந்த ஆயில் தம்பியின் காருக்குச் சரியாகப் பொருந்தியது.