மேஜைக்கும் ஒரு கரை

வேட்டியில் கரை அழகுக்காக மட்டும்தான் இருக்கிறது என்று நினைப்பவர்கள் ஒரு நெசவாளியிடம் கேட்டுப் பார்க்கலாம். ஓரம் இறுகி நிற்காவிட்டால், நடுவில் எவ்வளவு உயர்ந்த நூல் இருந்தாலும் துணி பிரிந்துவிடும். பிளைவுட் மேஜையின் சமாச்சாரமும் இதேதான். எட்டுக்கு நாலடிப் பலகை ஒன்றை வாங்கி, அளவுக்கு அறுத்து, மேலே சன்மைக்கா ஒட்டி, நாலு கால் கொடுத்தால் மேஜை தயார் என்று எண்ணுகிறோம். அது எத்தனை வருஷம் மேஜையாக இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது, நாலு பக்கமும் ஓடுகிற அரை அங்குல மரப்பட்டைதான்.

தில்லி மிஸ்திரிகள் இதைப் 'பட்டி' என்கிறார்கள். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர் இதைக் கேட்டு, சுவருக்குப் பூசும் பட்டி என்று நினைத்துக் குழம்புவார். நம் ஊர்ப் பட்டறைகளில் இதற்கு 'பீடிங்' அல்லது 'லிப்பிங்' என்று பெயர். மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிற எனக்கு, கரை என்பதே பொருத்தமான சொல்லாகப் படுகிறது. காரணம், அது செய்கிற வேலை.

பிளைவுட் என்பது மரத்தைத் தோல் சீவுவதுபோலச் சுற்றிச் சீவியெடுத்த மெல்லிய தகடுகளின் அடுக்கு. ஒரு தகட்டின் நார் நெடுக்கில் ஓடினால் அடுத்ததன் நார் குறுக்கில் ஓடும். பசை தடவி, சூடும் அழுத்தமும் கொடுத்து ஒன்றாக்குகிறார்கள். பலகையின் முகம் எப்போதும் லட்சணமாகத்தான் இருக்கும். உண்மை தெரிவது ஓரத்தில். உள்ளே தகடுகள் சேராமல் பொந்து விட்டிருக்கிறதா, துண்டுத் தகடுகளை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்களா என்பதெல்லாம் அறுத்த இடத்தில் தெரிந்துவிடும். பொது உபயோகப் பலகைக்கு ஐ.எஸ். 303, கடல்சார் பலகைக்கு ஐ.எஸ். 710 என்று முத்திரை எண்கள் உண்டு. முத்திரையைப் பாருங்கள், அதோடு, அறுத்த ஓரத்தையும் பாருங்கள். கரை கட்டிய பிறகு பார்க்க முடியாது.

ஓரத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட இன்னொரு காரணமும் இருக்கிறது. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் காட்டு மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து டி.என். கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. கூடலூரோடு நிற்காமல் நாடு முழுவதற்கும் பொருந்திய உத்தரவு அது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியே போகத் தடை வந்தது. அருணாசலப் பிரதேசத்தின் திரப், சாங்லாங் மாவட்டங்களில் பிளைவுட் ஆலைகளை மூடச் சொன்னார்கள். தொழில் காட்டை விட்டு வயலுக்கு நகர்ந்தது. ஹரியாணாவின் யமுனாநகரில் விவசாயிகள் வரப்பில் வளர்க்கும் பாப்லரும் யூகலிப்டஸும் பலகையாகின்றன. கேரளத்தின் பெரும்பாவூரில் ரப்பர் மரம். காட்டுக்கு இது நல்லது, சந்தேகமில்லை. ஆனால் ஆறேழு வருஷத்தில் வெட்டுக்கு வந்துவிடும் பாப்லர், லேசான, மென்மையான மரம். அப்படிப்பட்ட பலகையின் ஓரத்தில் நாற்காலியின் கை ஒரு முறை மோதினால் தழும்பு விழும். பையன் காம்பஸ் முனையால் நோண்டினால் தகடு பெயரும். துடைக்கிற ஈரத்துணியின் தண்ணீர் ஓரம் வழியாகத்தான் உள்ளே இறங்கும். அடியை வாங்கிக்கொள்ளவும் ஈரத்தைத் தடுக்கவும் அங்கே ஒரு கெட்டி மரம் தேவைப்படுகிறது. தேக்கோ வடக்கே கிடைக்கும் ஷீஷமோ அந்த வேலையைச் செய்யும்.

மரமும் பிளைவுட்டும் ஒத்துப்போகுமா என்ற கேள்வி நியாயமானது. மழைக்காலத்தில் கதவு இறுகுவதையும் கோடையில் தளர்வதையும் எல்லா வீட்டிலும் பார்க்கிறோம். மரம் ஊறுவதும் சுருங்குவதும் அகலவாட்டில்தான். நீளவாட்டில் அது அசைவது மிகமிக அற்பம். பிளைவுட்டில் குறுக்கும் நெடுக்குமாக நார்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் அதுவும் அநேகமாக அசையாது. எனவே பலகையின் ஓரம் நெடுக ஒட்டிய மெல்லிய பட்டையும் பலகையும் சண்டை போடுவதில்லை. பசை ஒன்றே போதும்.

சண்டை வருவது, ஆசைப்பட்டு மூன்று அங்குல அகலத்தில் கரை வைக்கும்போது. அந்த அகலம் பருவத்துக்குப் பருவம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல்கூட மாறலாம். 45 டிகிரியில் வெட்டிப் பொருத்திய மூலை வாய் பிளக்கும். ஆகஸ்டில் மும்பையில் செய்த மேஜை, மாற்றல் உத்தரவோடு லாரியேறி மறு மே மாதம் தில்லியின் அனல் காற்றில் நிற்கும்போது இதைத் தெளிவாகப் பார்க்கலாம். 10 மில்லிமீட்டர் கரையில் அதே மாற்றம் விரல் நுனிக்குக்கூட எட்டாது. கரை ஒடுக்கமாக இருப்பதே நல்லது; மரம் நன்றாக உலர்ந்திருப்பது அதைவிட முக்கியம்.

இனி வேலை. அறுத்த ஓரத்தை இழைப்புளியால் நேராக்க வேண்டும். பட்டைக்கும் பலகைக்கும் இடையே வெளிச்சம் தெரியக் கூடாது. இடைவெளியைப் பசை நிரப்பிக்கொள்ளும் என்று விட்டால் அந்த இடம் முதலில் விடும். பலகை 19 மில்லிமீட்டர் என்றால் பட்டையின் உயரம் 21 இருக்கட்டும். மேலும் கீழும் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும், பிறகு இழைத்துக்கொள்ளலாம். பிளைவுட்டின் ஓரத்தில் ஒன்று விட்டு ஒரு அடுக்கு நாரின் முனையைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அது பசையைக் குடிக்கும். ஆகவே வெள்ளைப் பசையை மெல்லியதாக ஒரு பூச்சு பூசி, சில நிமிஷம் ஊறவிட்டு, இரண்டாவது பூச்சு பூசிப் பட்டையைப் பொருத்த வேண்டும்.

அடுத்தது அழுத்தம். கிளாம்ப் இருந்தால் உத்தமம். பட்டைக்கும் கிளாம்புக்கும் நடுவே ஒரு தடித்த கட்டையை வைத்தால் அழுத்தம் நெடுகப் பரவும். கிளாம்ப் இல்லாவிட்டால், பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்துப் பலகையைச் சுற்றி இழுத்துக் கட்டலாம். தரையில் இரண்டு கட்டைகளை அடித்து, பலகையை நடுவில் வைத்து ஆப்பு இறுக்குகிறவர்களும் உண்டு. எப்படியானாலும் ஒரு நாள் அசைக்காமல் விட வேண்டும்.

மறுநாள், ஒட்டுக்கு அருகே பலகையின் முகத்தில் பென்சிலால் கிறுக்கிவிட்டு இழைக்கத் தொடங்க வேண்டும். கிறுக்கல் அழிய ஆரம்பித்தால் பட்டை பலகை மட்டத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே நிறுத்த வேண்டும். முகத்தில் இருக்கும் தகடு பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. இரண்டு இழுப்பு அதிகமானால் அடியில் இருக்கிற பசை பல்லை இளிக்கும்.

சன்மைக்கா ஒட்டுகிற மேஜையானால் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். முதலில் கரை கட்டி அதன் மேலும் சன்மைக்காவை ஓட்டினால் மேல்பரப்பு ஒரே தளமாக, தண்ணீர் இறங்காமல் இருக்கும். ஆனால் சன்மைக்காவின் கூரான ஓரம் வெளியே நிற்கும்; அடிபட்டால் சில்லு பெயரும். முதலில் சன்மைக்கா ஒட்டிப் பிறகு கரை கட்டினால், மரம் அந்த ஓரத்தைக் காவல் காக்கும். குழந்தைகள் படிக்கிற மேஜைக்கு இரண்டாவது முறைதான் சரி என்பது என் அபிப்பிராயம். அதற்கு மிஸ்திரியின் கை நிதானமாக இருக்க வேண்டும்: இழைப்புளி நழுவினால் சன்மைக்காவில் கீறல் விழும்.

இவ்வளவும் தெரிந்த மிஸ்திரிகள் நம் நாட்டில் ஏராளம். பிறகு ஏன் பெரும்பாலான மேஜைகளில் தலையில்லாத சின்ன ஆணிகளை நாலு விரல்கடைக்கு ஒன்றாக அடித்து, மேலே மக்கு தடவி முடித்துவிடுகிறார்கள்? பதில் கூலிக் கணக்கில் இருக்கிறது. பல இடங்களில் தச்சுக்கூலி சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. ஐந்தடிக்கு இரண்டரையடி மேஜை என்றால் பன்னிரண்டரை சதுர அடி; கூலி அதற்குத்தான். அதே மேஜையைச் சுற்றிப் பதினைந்து அடி ஓரம் ஓடுகிறது. அதை இழைத்து, ஒட்டி, ஒரு நாள் காத்திருந்து, மறுபடி இழைக்கிற நேரத்துக்குச் சதுர அடிக் கணக்கில் இடமே இல்லை. காத்திருக்கிற நாளுக்கு யாரும் காசு கொடுக்காதபோது, ஆணி அடிப்பவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

மரம் விலை என்றும் சாக்குச் சொல்ல முடியாது. 10 மில்லிமீட்டர் தடிமனில் அந்தப் பதினைந்து அடிக் கரைக்கு ஒரு கன அடித் தேக்கில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான் வேண்டும். சேதாரம் சேர்த்தாலும் இருபதில் ஒரு பங்கைத் தாண்டாது. செலவு கையில்தான் இருக்கிறது, மரத்தில் இல்லை.

ஆகவே அடுத்த முறை வீட்டில் மர வேலை நடக்கும்போது, ஓரத்துக்கு மட்டும் ஓட்ட அடி கணக்கில் தனிக்கூலி பேசுங்கள். ஆணி வேண்டாம், பசை காய ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு நாளுக்குக் காசு உண்டு என்று தெரிந்தால், தன் வேலை தெரிந்த எந்த மிஸ்திரிக்கும் மேற்கொண்டு எதையும் விளக்க வேண்டியதில்லை.