தண்ணீருக்கேற்ற மீனா, மீனுக்கேற்ற தண்ணீரா?

சென்னையில் வண்ணமீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கொளத்தூர் பக்கம் ஒரு நடை போய் வருவார்கள். தொட்டி, கல், மோட்டார் எல்லாம் வீட்டுக்கு வரும். போர் தண்ணீரை நிரப்பி அன்றைக்கே மீனையும் விட்டுவிடுவார்கள். நாலே நாளில் ஒன்றிரண்டு மிதக்கும். உடனே தீர்ப்பு ரெடி: "உப்புத் தண்ணி, அதான் செத்துப் போச்சு. ஆர்.ஓ. போட்டுடு!"

பல சமயம் இந்தத் தீர்ப்பே தப்பு. புதுத் தொட்டியில் மீனைக் கொல்வது பெரும்பாலும் உப்பு அல்ல, அம்மோனியா. மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவாக மாறுகின்றன. அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டரில் வளர்வதற்கு 4 முதல் 6 வாரம் பிடிக்கும். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் அந்தக் காத்திருப்பு குறைந்துவிடாது.

அடுத்தது, எல்லா மீனுக்கும் மென்மையான தண்ணீர் தேவையில்லை. மோலி, கப்பி, பிளாட்டி எல்லாம் கடின நீரில் சந்தோஷமாகக் குட்டி போடும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட்களுக்குக் காரத்தன்மையுள்ள கடின நீர்தான் சொந்த ஊர். அமேசான் பக்கத்து டிஸ்கஸ், கார்டினல் டெட்ரா போன்றவற்றைக் குஞ்சு பொரிக்க வைக்க வேண்டுமானால் அப்போது ஆர்.ஓ.வுக்கு அர்த்தம் உண்டு. கடல்மீன் தொட்டிக்கும் அப்படித்தான்.

அப்படித் தேவைப்படுகிறவர்கள் ஒழுங்காக மாட்ட வேண்டும். முதலில் தூசி ஃபில்டர், அடுத்து கார்பன், அதற்கப்புறம்தான் மெம்பரேன். குளோரின் மெம்பரேனைக் கெடுத்துவிடும் என்பதால்தான் கார்பன் முன்னால் நிற்கிறது. மொட்டை மாடித் தொட்டியின் அழுத்தம் போதாது. பூஸ்டர் பம்ப் வேண்டும். புது மெம்பரேனில் முதலில் வரும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

இதில் பலர் சறுக்குகிற இடம் வேறு. வெறும் ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே தொட்டியில் ஊற்றுகிறார்கள். அதில் தாதுக்கள் அநேகமாக இல்லை. மீன் உடம்பின் உப்புகள் வெளியே கசியும். தாங்கிப் பிடிக்கக் கார்பனேட் இல்லாததால் பி.ஹெச். திடீரென்று சரியும். எனவே கலக்க வேண்டும். போர் தண்ணீரின் டி.டி.எஸ். 800 என்றால், அதில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு ஆர்.ஓ. சேர்த்தால் ஏறத்தாழ 200க்கு வரும்.

இப்போது கணக்குப் பார்க்கலாம். 100 லிட்டர் தொட்டியில் வாரம் 25 லிட்டர் மாற்றினால் சுமார் 19 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும். ஒரு லிட்டருக்கு மூன்று லிட்டர் கழிவு என்று வைத்தாலே வாரம் 57 லிட்டர் வெளியே போகிறது. 2019 ஜூனில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த ஊர் இது. அதே ஆண்டு தேசிய பசுமைத் தீர்ப்பாயம், டி.டி.எஸ். 500க்குக் கீழே உள்ள இடங்களில் குடிப்பதற்குக்கூட ஆர்.ஓ.வைத் தடை செய்ய வேண்டும் என்று சொன்னது. மனிதனுக்கே அப்படியென்றால், கடின நீரில் குதித்து விளையாடும் மோலிக்கு எதற்கு?

டிஸ்கஸ் வளர்க்கிறவர் ஆர்.ஓ. மாட்டட்டும், கழிவு நீரைப் பிடித்து வீடு துடைக்கவும், கழிவறைக்கும் பயன்படுத்தட்டும். மற்றவர்கள் மிஷின் விலை விசாரிப்பதற்கு முன்னால் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கிக் குழாய்த் தண்ணீரை அளந்து பார்க்கட்டும். பிறகு அந்தத் தண்ணீருக்கு ஒத்துப்போகிற மீனைத் தேடட்டும். பர்ஸுக்கும் நல்லது, மீனுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது!