மெடிக்கல் ஷாப் வைத்தியமும் மங்கு விழுந்த முகங்களும்

முதலிலேயே டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பி.காம் படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டிக் கொண்டிருப்பவன். எந்த க்ரீம் போடலாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எதைக் கடையில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது என்று சண்டை போடுவதற்காக எழுதுகிறேன்.

நாற்பதைத் தாண்டினால் முகத்தில் கறுப்பு விழுவது ஒன்றும் அதிசயம் இல்லை. கன்னத்தில் மங்கு, நெற்றியில் திட்டு, கண்ணோரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். டெல்லியில் நமக்குத் தெரிந்த குடும்பங்களில் இதற்கு என்ன செய்கிறார்கள்? தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் போய் முகத்தைக் காட்டுகிறார்கள். 'ஜாயியாங்' என்று ஹிந்தியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கவுண்டரில் நிற்கும் பையன் டிராயரைத் திறந்து சின்னதாக ஒரு ட்யூபை எடுத்து வைப்பான். "ராத்திரி போடுங்க பாபிஜி, பத்தே நாள்ல க்ளீன்!"

பத்து நாளில் க்ளீன் ஆகவும் செய்கிறது. வில்லங்கமே அங்கேதான் இருக்கிறது.

அந்த ட்யூபில் என்ன இருக்கிறது என்று யாராவது திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் மூன்று சரக்கு இருக்கும். ஒன்று ஹைட்ரோகுவினோன். தோலில் நிறமி உண்டாவதைத் தடுப்பது. (பழைய கறுப்பு வெள்ளை போட்டோ கழுவும் டெவலப்பரிலும் இதே ரசாயனம்தான்.) இரண்டாவது ட்ரெட்டினோயின். வைட்டமின் ஏ வகையறா, மேல்தோலைச் சீக்கிரம் உதிர வைப்பது. மூன்றாவதுதான் ஹீரோ: ஸ்டீராய்டு. இந்தியாவில் விற்கும் கலவைகளில் அனேகமாக மொமெட்டசோன்.

இந்த மூன்றையும் சேர்க்கும் யோசனை புதிது இல்லை. அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் க்ளிக்மன் 1975ல் வெளியிட்ட ஃபார்முலாவின் வாரிசுகள் இவை. மருந்து மோசம் என்று நான் சொல்லவில்லை. மங்குக்கு இது வேலை செய்கிற மருந்துதான். தோல் டாக்டர்களும் எழுதுகிறார்கள். ஆனால் எத்தனை நாளைக்கு? இந்த வகையில் ஒரு கலவைக்கு அமெரிக்காவில் 2002ல் அனுமதி கொடுத்தபோது, எட்டு வாரம் வரையிலான குறுகிய காலச் சிகிச்சைக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நம் தெருமுனைப் பையன் எட்டு வாரம் என்று என்றைக்காவது சொல்லியிருக்கிறானா? "தீர்ந்ததும் வாங்க" என்றுதான் சொல்லுவான்.

ஸ்டீராய்டை மாதக்கணக்கில் முகத்தில் தடவினால் என்ன ஆகும்? தோல் மெலிந்து போகும். மெல்லிய சிவப்பு ரத்த நாளங்கள் கோடு கோடாகத் தெரிய ஆரம்பிக்கும். பருக்கள் கொத்தாக வரும். பெண்களுக்குக் கன்னத்தில் பூனை முடி வளரும். வெயிலில் போனால் முகம் எரியும். பயந்துபோய் நிறுத்தினால் சிவந்து வீங்கி, முன்பு இருந்ததைவிட அதிகமாகக் கறுக்கும். நிறுத்தினால் இப்படி ஆகிறது என்பதால் மறுபடி தடவுவார்கள். உடனே அடங்கும். "பார்த்தீங்களா, க்ரீம் நல்ல க்ரீம்தான், விட்டதுதான் தப்பு" என்று முடிவு கட்டுவார்கள்.

எங்கள் தொழிலில் இதற்கு எவர்க்ரீனிங் என்று பெயர். பழைய கடனைக் கட்ட முடியாதவனுக்குப் புதுக் கடன் கொடுத்து, அதிலேயே பழையதை அடைத்து, கணக்கு நல்லாயிருக்கிற மாதிரி காட்டுவது. ரிசர்வ் வங்கி இதைப் பிடித்தால் தோலை உரித்துவிடும். இங்கே நிஜமாகவே தோல் உரிகிறது, கேட்க ஆள் இல்லை.

இந்த நிலைமைக்கு டாக்டர்கள் ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். ஸ்டீராய்டால் கெட்டுப்போன, ஸ்டீராய்டு இல்லாமல் இருக்க முடியாத முகம் என்று அர்த்தம் வரும் பெயர். 2008ல் அதை வைத்தவர்கள் நம் இந்திய டாக்டர்கள். நம்மிடம் அத்தனை முகங்கள் இருந்தன. 2011ல் வெளியான ஒரு ஆய்வில், நாட்டின் பல ஊர்களில் முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரைப் பார்த்தார்கள். அதில் 433 பேர் ஸ்டீராய்டு க்ரீம் தடவிக் கொண்டிருந்தவர்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதைச் சிபாரிசு செய்தது டாக்டரே இல்லை.

எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்கா. ஊர், பேர் வேண்டாம். இரண்டு வருடத்துக்கு மேல் ஒரே ட்யூபைத் திரும்பத் திரும்ப வாங்கிப் போட்டார். முதல் மூன்று மாதம் பார்த்தவர்கள் எல்லாரும் 'என்ன க்ரீம்?' என்று விசாரித்தார்கள். அடுத்த ஒரு வருடத்தில் அடுப்பு முன்னால் நிற்க முடியவில்லை, முகம் அப்படி எரிகிறது. நவராத்திரி கொலுவுக்கு யார் வீட்டுக்கும் போகவில்லை. கடைசியில் ஒரு தோல் டாக்டரிடம் போனபோது, மங்குக்கு வைத்தியம் அப்புறம், முதலில் க்ரீமுக்கு வைத்தியம் என்றாராம். பல மாதங்கள் ஆயின. கொடுமை என்னவென்றால், அந்த முதல் மூன்று மாதத்தில் விசாரித்தார்களே, அதில் நாலு பேர் அதே ட்யூபை வாங்கிவிட்டார்கள். ஒருவர் காலேஜ் போகும் மகளுக்கும் சேர்த்து!

ஹைட்ரோகுவினோனும் லேசுப்பட்டது இல்லை. வருடக்கணக்கில் போட்டால் சிலருக்குத் தோலில் நீலம் கலந்த கறுப்பு ஏறிவிடும். அதை எடுப்பது மகா கஷ்டம். தென்னாப்பிரிக்காவில் ஏகப்பட்ட பெண்கள் இப்படிப் பாதிக்கப்பட்டு, 1990ல் அழகு சாதனங்களில் அதைத் தடை செய்தார்கள். ஐரோப்பாவில் 2001ல் சரும வெளுப்பு க்ரீம்களிலிருந்து எடுத்தார்கள். அமெரிக்காவில் 2 சதவீதம் வரை சும்மா கடையில் கிடைத்துக் கொண்டிருந்ததை 2020ல் நிறுத்திவிட்டார்கள்.

நம் நாட்டில் சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது சாமி. ரொம்ப நாளாக, மேலே தடவும் ஸ்டீராய்டுகளுக்கு ஷெட்யூல் எச் விதியில் ஒரு சலுகை இருந்தது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளுக்கு அந்தச் சலுகையை எடுத்தது. அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்பது சட்ட விரோதம். ட்யூப் மேலேயே ஆர்எக்ஸ் குறியும் எச்சரிக்கையும் பொடி எழுத்தில் இருக்கும். இத்தனைக்கும் அப்புறம் கடையில் என்ன நடக்கிறது என்று நீங்களே போய்க் கேட்டுப் பாருங்கள். எங்களிடம் ஒரு சேமிப்புக் கணக்கு திறக்க ஆதார், பான், போட்டோ எல்லாம் வேண்டும். அந்தப் போட்டோவில் இருக்கும் முகத்தில் ஸ்டீராய்டு தடவ, பெயர்கூடக் கேட்பதில்லை.

கம்பெனிக்காரர்களும் சும்மா இல்லை. மருந்துச் சீட்டு மருந்துக்கு 'லைட்' என்று முடியும் பெயர், 'மெலா' என்று தொடங்கும் பெயர், ரோஜா நிற அட்டைப்பெட்டி. அழகு க்ரீம் மாதிரியே பெயர் வைத்துவிட்டு, அழகு க்ரீம் மாதிரி ஜனங்கள் வாங்குகிறார்கள் என்று வருத்தப்பட்டால் எப்படி?

இதைவிட மோசமான ரகம் ஒன்றும் இருக்கிறது. என்ன சேர்த்திருக்கிறார்கள் என்றே எழுதாமல், வெளிநாட்டுச் சரக்கு என்று கைமாறும் வெளுப்பு க்ரீம்கள். கேரளாவில் மலப்புறம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை அங்குள்ள டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு ஒரே அபூர்வ ரகம். அந்த 15ல் 13 பேர் வெளுப்பு க்ரீம் போட்டவர்கள். சந்தேகம் விழுந்தது பாதரசத்தின் மேல். முகத்தில் தடவியது கிட்னியில் போய் நிற்கிறது.

சரி, கறுப்பு எல்லாம் ஒரே கறுப்பா? அதுவும் இல்லை. இரண்டு கன்னத்திலும் பட்டை பட்டையாக விழுவது மங்கு. கர்ப்பம், கர்ப்பத்தடை மாத்திரை, வெயில், குடும்ப வாகு எல்லாம் அதில் சேரும். பல வருட வெயிலில் வரும் தட்டையான புள்ளி வேறு. கண்ணைச் சுற்றி மிளகு மாதிரி மேடாக வரும் கறுப்பு மருக்கள் வேறு. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வரும், எந்த க்ரீமுக்கும் போகாது, டாக்டர் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுவார். கழுத்திலும் நெற்றிப் பொட்டிலும் வெல்வெட் மாதிரி தடித்துக் கறுத்தால் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும். அங்கே க்ரீம் தடவிக் கொண்டிருப்பது, கரண்ட் பில் அதிகம் வருகிறது என்று மீட்டருக்குப் பெயிண்ட் அடிப்பது மாதிரி. ஹேர் டை ஒத்துக்கொள்ளாமல் நெற்றி ஓரம் கறுக்கும். குங்குமம் ஒத்துக்கொள்ளாமல் பொட்டு வைக்கும் இடம் கறுக்கும். வளர்கிற, நிறம் மாறுகிற, ரத்தம் கசிகிற புள்ளியைத் தள்ளிப் போடவே கூடாது. இத்தனைக்கும் கவுண்டரில் ஒரே ட்யூப்! படர்தாமரைக்கும் அதே தம்பிதான் ஸ்டீராய்டு கலந்த இன்னொரு ட்யூபைக் கொடுக்கிறான். அது கொஞ்ச நாள் பதுங்கி, பிறகு உடம்பெல்லாம் பரவுகிறது.

"டாக்டரிடம் போனால் ஃபீஸே எழுநூறு, எண்ணூறு. ட்யூப் அதில் கால்வாசிதானே" என்பார்கள். நியாயமான கேள்வி. மாதம் ஒரு ட்யூப் என்று இரண்டு வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள், பிறகு அதைச் சரிசெய்ய ஆகும் செலவையும் கூட்டுங்கள். அப்படியும் கட்டுப்படியாகவில்லை என்றால், சஃப்தர்ஜங், ராம் மனோகர் லோகியா, எய்ம்ஸ் எல்லாவற்றிலும் தோல் பிரிவு இருக்கிறது. காலையில் வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஊரிலும் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது.

"கெமிக்கலே வேண்டாம், எலுமிச்சம்பழம் தேய்க்கிறோம்" என்று இன்னொரு கோஷ்டி. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வந்து, அந்த இடம் இன்னும் கறுக்கும். இயற்கை என்பதால் சும்மா விட்டுவிடாது.

கடையில் சீட்டில்லாமல் வாங்க உருப்படியான பொருள் ஒன்று உண்டு. சன்ஸ்க்ரீன். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. கூடவே குடை. நம் நிறத் தோலில் மங்கை வெயிலின் புற ஊதாக் கதிர் மட்டும் இல்லாமல் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கிளப்பிவிடும் என்பதால், இரும்பு ஆக்சைடு சேர்த்த, லேசாக நிறமுள்ள சன்ஸ்க்ரீன் இன்னும் நல்லது என்கிறார்கள். நியாசினமைட், வைட்டமின் சி எல்லாம் கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் மெதுவாக, மாதக்கணக்கில். பத்து நாளில் எதுவும் போகாது. பத்து நாளில் போனால் உள்ளே என்ன இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

ஊரில் இருக்கும் பெரியம்மா, சித்தி, மாமிகளுக்கும் ஒரு வார்த்தை. வருடத்துக்கு ஒருமுறை ஜி.டி.யிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ ஒன்றரை நாள் உட்கார்ந்து வந்து இறங்குகிறோம். வாசலிலேயே "என்னடி இது, முகமெல்லாம் இப்படிக் கறுத்துப் போச்சு? டெல்லித் தண்ணி சேரலையா?" அன்பில்தான் கேட்கிறீர்கள், தெரியும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்துதான் மே மாத லீவுக்கு முந்தின வாரம் பாதி வீடுகளில் அந்த ட்யூப் வாங்கப்படுகிறது. 1975ல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி'யே 2020ல் 'ஃபேர்' என்ற வார்த்தையைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டது. நாம் வாசலில் இருந்து எடுக்க மாட்டேன் என்கிறோம். ஆண்களை இப்படி யாரும் கேட்பதில்லை என்பதையும் கவனியுங்கள். என் கன்னத்திலும்தான் மூன்று புள்ளி இருக்கிறது. இதுவரை ஒருத்தரும் ட்யூப் சிபாரிசு செய்ததில்லை :-)

கடைசியாக, இன்றைக்கே செய்யக் கூடிய வேலை. வீட்டில் முகத்துக்கென்று இருக்கும் ட்யூப்களை எல்லாம் எடுத்துத் திருப்பிப் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், ஃப்ளூட்டிகசோன் என்று 'சோன்' வருகிறதா? க்ளோபெட்டசால், ஃப்ளூசினலோன் இருக்கிறதா? எல்லாம் ஸ்டீராய்டு. புதிதாக வாங்கியது என்றால் ஆரம்பிக்காதீர்கள். மாதக்கணக்கில் போட்டுக் கொண்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாமல், ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்லுவார். எத்தனை மாதம் போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த முறை நம் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது "சூப்பர் க்ரீம், நானே யூஸ் பண்றேன்" என்று ட்யூப் படம் போட்டால், பின்பக்கத்தையும் படம் எடுத்துப் போடச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்கத்தான் போகிறேன். குரூப்பில் இருந்து தூக்கினாலும் பரவாயில்லை.