தானே இசைக்கும் பியானோ

பியானோவின் முன்னே எவரும் இல்லை. ஆயினும் கட்டைகள் தாமே தாழ்ந்து எழுகின்றன, இசை பிறக்கின்றது. பேயின் செயலென்று அஞ்சவேண்டியதில்லை. காற்றும் கடதாசியும் ஒரு மின்சார மோட்டாரும் கூடிப் புரியும் வித்தை இது.

துளையிட்ட கடதாசிச் சுருளொன்று பித்தளைச் சட்டத்தின் மீது நகர்கின்றது. துளைகள் நேர்படும்போது வெளிக்காற்று உட்புகும், வால்வு திறக்கும், சிறு துருத்தி சுருங்கிச் சுத்தியலை இயக்கும். இதற்கு வேண்டிய உறிஞ்சு வலுவை முன்னர் காலால் மிதித்தே உண்டாக்கினர். 1904 இல் ஜெர்மனியின் வெல்ட்டே நிறுவனத்தார், கலைஞரின் வாசிப்பை அதன் மென்மை வன்மைகளோடு மீட்டுத் தரும் பியானோவை வெளியிட்டனர். இவ்வகைப் பியானோக்களிலே காலின் பணியை மோட்டார் ஏற்றது.

பின்னர் வானொலி பரவிற்று; 1929 இன் பொருளாதார வீழ்ச்சியும் வந்தது. இக்கருவிகள் பல மூலையில் ஒதுங்கின. இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அவற்றைச் செப்பனிடுவோர் உளர்.

அத்தகைய பியானோ கைக்கு வந்தவுடன் மின்சாரத்தைக் கொடுத்துப் பார்க்கும் ஆவல் எழுவது இயல்பு. அதுவே பெரும் பிழை. பழைய கம்பிகளைப் போர்த்திருக்கும் றப்பரும் துணியும் காலத்தால் உதிர்ந்திருக்கும். மின்சாரம் மோட்டாரின் உலோக உடலிற் பாய்ந்தால் தொட்டவருக்கு உயிராபத்து. பொறி பறந்தால் மரப்பெட்டி தீப்பற்றும். ஆகவே, மின்தொடர்பை முற்றாக நீக்கிய பின்பே வேலை தொடங்கவேண்டும். கம்பிகளை மாற்றுவதும் சுருணைகளைச் சோதிப்பதும் தேர்ந்தவர் பணி.

அடுத்து, வாரைக் கழற்றி மோட்டாரையும் பம்பியையும் தனித்தனியே கையாற் சுழற்றிப் பார்ப்பர். மோட்டார் இலகுவாகச் சுழன்று பம்பி இறுகி நின்றால், இறுக்கம் மோட்டாரில் இல்லை என்பது தெளிவு. மோட்டாரே இறுகியிருப்பின், பெரும்பாலும் பழைய எண்ணெய் பிசினாகியிருக்கும். அதனைத் துடைத்து, தாங்கிகளுக்குச் சில துளி மெல்லிய எண்ணெய் இட்டாற் போதும். மிகுதியாக இட்டால் அது சுருணையிலும் வாரிலும் வழிந்து கேடு செய்யும். கரித்தூரிகை உள்ள மோட்டாராயின் அதன் தேய்வையும் நோக்கவேண்டும்.

"பழையதை எறிந்துவிட்டுப் புதிய மோட்டாரைப் பூட்டினால் என்ன, ஐயா?" என்று மாணவன் ஒருவன் கேட்டான். பூட்டலாம். ஆனால், சுழலும் வேகம் மாறினால் உறிஞ்சும் வலு மாறும். வலு மாறினால் இசையின் மென்மை வன்மைகள் மாறும். மோட்டாரின் இரைச்சல் மிகுந்தாலோ இசையையே அது விழுங்கிவிடும்.

றஷ்ய மேதை ரக்மானினோவ் 1919 முதல் அமெரிக்காவின் அம்பிக்கோ நிறுவனத்தாருக்காகச் சுருள்களிலே தம் வாசிப்பைப் பதித்தார். 1943 இல் அவர் மறைந்தார். அவ்விரல்களின் நடை இன்றும் கடதாசியில் இருக்கின்றது. அது மீண்டும் கட்டைகளில் இறங்கி வருவது, பெட்டியின் அடியிலே யாரும் காணாத மோட்டாருக்குப் பொறுமையோடு இடப்படும் சில துளி எண்ணெயில் தங்கியுள்ளது.