வெள்ளை அரிசியும் வீட்டு ஆரோக்கியமும்

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் மளிகை வாங்குவோர் பலர் அரிசியை அதன் வெண்மை கொண்டே மதிக்கின்றனர். வெண்மைக்கு விலை கிடைப்பதால் ஆலைக்காரரும் மேன்மேலும் தீட்டுகிறார். தீட்டத் தீட்டத் தவிடு நீங்குகிறது. அதனுடன் தயாமின் என்னும் ஜீவசத்தும் நீங்குகிறது. அச்சத்து மிகவும் குறைந்தால் பெரிபெரி நோய் உண்டாகும். தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் முடங்கியதை ஜாவாவில் கண்டறிந்த எய்க்மன் என்னும் வைத்தியர் 1929-ல் நோபெல் பரிசு பெற்றார். நம் குன்னூரில் 1918-ல் மக்காரிசன் துவக்கிய பெரிபெரி ஆராய்ச்சியே வளர்ந்து, இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

பட்டணத்தாரை மட்டும் குறை கூறுதல் நியாயமன்று. நெல் விளைவிக்கும் நாமே வெள்ளையரிசியை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, தவிட்டைத் தொட்டியில் கலக்குகிறோம். நம் பிள்ளைகளுக்குரிய சத்து மாட்டுக்குச் சேருகிறது!

ஆகவே, வீட்டுச் செலவுக்குரிய அரிசியையேனும் அதிகம் தீட்டாது வாங்கி வருவீர்களாக. தவிட்டிலுள்ள எண்ணெய் விரைவில் சிக்குவாடை கொள்ளுமாதலால், சிறுகச் சிறுக அரைப்பித்தல் நலம். தீட்டிய அரிசியே வேண்டுமெனில் புழுங்கலரிசி மேலானது. நெல்லை அவிக்கையில் சத்தின் ஒரு பகுதி அரிசியினுள் இறங்கி நின்றுவிடுகிறது. அரிசியைப் பலமுறை கழுவுதலும், வடித்த கஞ்சியைக் கொட்டுதலும் கூடா.

கிராம உத்தியோகஸ்தர்கள் இதனைக் கிராம சபையில் எடுத்துரைக்க வேண்டும். தன் வீட்டில் உண்ணாத அரிசியை நல்லதென்று பட்டணத்தில் விற்க முயல்பவன் சொல்லை யார் நம்புவர்? முதலில் நம் அடுப்பில் மாறுதல் உண்டாகட்டும். கடைத்தெரு தானே பின்தொடரும்.