கறுப்புக் காயில் ஆடி கிராம்னிக்கை 2 முறை சாய்த்த ஆனந்த்: அந்த ஓபனிங்கில் அப்படி என்ன இருந்தது?

செஸ்ஸில் முதல் நகர்த்தல் வெள்ளைக்குத்தான். அதனால் பெரிய வீரர்கள் மோதும்போது, கறுப்பு கிடைத்தவருக்கு டிராவே போதும் என்பது வழக்கமான கணக்கு. 2024 டிசம்பரில் குகேஷ், கடைசி ஆட்டத்தில் கறுப்பில் ஜெயித்து உலக சாம்பியன் ஆனார். 2008-லேயே அந்தக் கணக்கை உடைத்துக் காட்டியவர் விஸ்வநாதன் ஆனந்த்.

என்ன பின்னணி?

2007-ல் மெக்சிகோவில் ஆனந்த் பட்டம் வென்றது 8 பேர் ஆடிய தொடரில். நேருக்கு நேர் மோதினால் கிராம்னிக்கை ஜெயிக்க முடியுமா என்ற கேள்வி இருந்தது. 2000-ல் காஸ்பரோவை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க விடாமல் பட்டத்தைப் பறித்தவர் ஆச்சே கிராம்னிக்! ஜெர்மனியின் பான் நகரில் நடந்த போட்டியில் முதல் 2 ஆட்டங்கள் டிரா.

ஆனந்த் என்ன செய்தார்?

3-வது ஆட்டத்தில் செமி ஸ்லாவ் ஓபனிங்கின் 'மெரான்' வழியில் இறங்கினார். இது ரிஸ்க்கான ரூட். கறுப்பு ராஜாவின் அரண் உடைந்து, அவர் நடுவிலேயே மாட்டிக்கொள்வார். பதிலுக்கு ஜி வரிசை திறக்கும். கறுப்பு யானை நேராக வெள்ளை ராஜாவைக் குறிவைக்கும்.

14-வது நகர்த்தலில் பிஷப்பை பி7 கட்டத்தில் வைத்தார் ஆனந்த். அவரது டீம் முன்பே தயாரித்து வைத்திருந்த நகர்த்தல் அது. கிராம்னிக்கோ, கடிகாரம் ஓட ஓட போர்டிலேயே விடை தேட வேண்டியதாயிற்று. கடைசியில் வெள்ளைச் சிப்பாய் ராணியாக ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. அதற்குள் ஆனந்த் அடுத்தடுத்து செக் வைக்க, 41-வது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது.

மறுபடியும் அதேவா?

ஆமாம். 5-வது ஆட்டத்திலும் அதே வழி. கிராம்னிக்கும் பின்வாங்கவில்லை. ஆனால் 15-வது நகர்த்தலில் ஆனந்த் ரூட்டை மாற்றினார். 29-வது நகர்த்தலில், சும்மா கிடைப்பதுபோல் தெரிந்த சிப்பாயை கிராம்னிக் குதிரையால் வெட்டினார். அது பொறி! 34-வது நகர்த்தலில் ஆனந்தின் குதிரை பாய, கறுப்புச் சிப்பாயைத் தடுக்க ஆளில்லை. 35 நகர்த்தலில் தோல்வி. 6-வது ஆட்டத்தையும் ஆனந்த் ஜெயித்தார். இறுதி ஸ்கோர் 6.5-4.5.

இதில் என்ன புரிகிறது?

இப்படிப்பட்ட ஓபனிங் இரு பக்கமும் கூர் உள்ள கத்தி. எதிராளிக்கு விடை தெரிந்திருந்தால் வெட்டுப்படுவது நம் ராஜாதான். அடுத்த முறை கறுப்பு இப்படி ஆடினால், போர்டை மட்டும் பார்க்காதீங்க. கடிகாரத்தையும் பாருங்க. யார் மளமளவென ஆடுகிறார், யார் யோசித்துத் தவிக்கிறார் என்பதிலேயே பாதி கதை தெரிந்துவிடும்.