பிறேக் ஒயிலுக்குக் காசில்லை, சைலன்சருக்கு இருக்கு

போன வருசக் கடைசியில் பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன் முறை, ஒரு ட்ராக் டேக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றார். ட்ராக் டே என்றால் றேஸ் இல்லை. கப் கிடையாது, முதலாம் இடம் இரண்டாம் இடம் கிடையாது. ரோட்டில் ஓடுகிற உங்கட சொந்தக் காரை, காசு கட்டி, வேறு போக்குவரத்து இல்லாத ஒரு மூடின பாதையில் பதினைந்து இருபது நிமிசம் முறை வைத்து ஓடிப் பார்ப்பது. அவ்வளவுதான். ஆனால் வீட்டில் "றேஸுக்குப் போறானாம்" எண்டுதான் கதை பரவியது. பெரியம்மா இரண்டு நாள் அவரோட கதைக்கவில்லை.

அவவைக் குறை சொல்ல ஏலாது. 2024 ஏப்ரல் 21 தியத்தலாவையில் நடந்ததை அவவும் ரீவியில் பார்த்தவ. ஃபொக்ஸ் ஹில் ஓட்டப் போட்டியில் பாதையை விட்டு விலகின கார் ஒன்று சனத்துக்குள்ள பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். அதில் ஒரு பிள்ளைக்கு 8 வயது. அதுக்குப் பிறகு எங்கட வீட்டில் "ட்ராக்" என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் இல்லை.

அதோட கார். 2008ஆம் ஆண்டு ஸ்விஃப்ட். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் பழைய கார்கள் என்ன விலைக்குப் போனது என்று உங்களுக்கே தெரியும். இதை உடைத்தால் இன்னொன்று வாங்க எங்களிடம் வழியில்லை. சாதாரண வாகனக் காப்புறுதி இந்த மாதிரி ஓட்டத்துக்குப் பொதுவாகச் செல்லாது, பத்திரத்தின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் இருக்கும், வாசித்துப் பாருங்கள். திங்கட்கிழமை காலமை பெரியப்பாவைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போவதும் இதே கார்தான்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு ட்ராக் டேக்குப் போகலாமா எண்டால், போகலாம் என்றுதான் நான் இன்றைக்கும் சொல்லுவன். ஆனால் தயாராகிறது என்றால் என்ன என்பதில் எங்கட பெடியளோட எனக்குச் சண்டை இருக்கு. அவையளுக்குத் தயாராகிறது என்றால் காரில் ஏதாவது பூட்டுறது. எனக்கு, நிற்கவேண்டிய இடத்தில் நிற்பதற்கும் திரும்பி வீட்டுக்கு வருவதற்கும் தயாராகிறது.

அண்ணா முதல் செய்த வேலை சைலன்சர் மாற்றினது. சத்தம் மூன்று ஒழுங்கை தள்ளிக் கேட்டது. "பிறேக் ஒயில் மாத்தினீங்களோ?" எண்டு கேட்டன். கராஜில் பார்த்தவையாம், "அது இருக்கும், ஒண்டும் செய்யாது" எண்டு சொன்னவையாம். உள்ள அளவைப் பார்த்திருக்கினம். வயதைப் பார்க்கவில்லை.

இது கொஞ்சம் விளக்கவேண்டிய விசயம். பிறேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டொட் 3 எனப்படும் சாதாரண வகைக்குக் கொதிநிலை புதுசாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்கவேணும். ஈரம் ஏறினபிறகு அதற்கான குறைந்தபட்ச அளவு 140 பாகைதான். டொட் 4 வகைக்கு 230, 155. சந்தைக்கும் கோயிலுக்கும் ஓடுகிற காருக்கு இந்த இறக்கம் தெரியவே தெரியாது. ட்ராக்கில் ஒவ்வொரு வளைவுக்கும் பலமாகப் பிறேக் பிடித்து அடுத்த வளைவுக்குள் ஆறவிடாமல் திரும்பப் பிடிக்கும்போது சூடு ஏறிக்கொண்டே போகும். ஒயில் கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழி. திரவத்தை அமுக்க ஏலாது, ஆவியை அமுக்கலாம். பெடல் நிலத்துக்குப் போகும், கார் நிற்காது. சைலன்சர் காசில் ஒரு துண்டுதான் ஒரு போத்தல் பிறேக் ஒயில்.

ரயரிலும் இதே கதை. எங்கட ரயர்கள் பார்க்கப் புதுசு மாதிரித்தான் இருந்தது. பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும், வாசிக்கப் பழகுங்கோ. 2316 எண்டால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. அண்ணாவின் பின் ரயர் இரண்டும் அந்தக் காலத்தவை. தேயவில்லை, ஆனால் இறுகிப்போயிருந்தது. நல்லகாலம், அதை மாற்றினார். புதுச் சில்லு பூட்டினால் நட்டை டோர்க் ரென்ச் வைத்துச் சரியான அளவுக்கு இறுக்கவேணும், முதல் செஷன் முடிய ஆறவிட்டு இன்னொருக்கால் பார்க்கவேணும். காலில் ஏறி மிதித்து இறுக்குகிற எங்கட ஊர் முறையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு கழட்டுகிற வேலை. அதுதான் எனக்குக் கிடைத்தது. காருக்குள் இருந்த பெரியம்மாவின் குடை, இரண்டு தண்ணிப் போத்தல், ஜக், பழைய பில் கட்டு, கால் மிதியடி எல்லாத்தையும் வெளியில் எடுத்துப் பாயில் பரப்பினன். வளைவில் ஒரு போத்தல் உருண்டு பிறேக் பெடலுக்குக் கீழே போனால் போதும். கடைசியில் டாஷ்போர்டில் இருந்த பிள்ளையார். பசை விட்டிருந்தது. அண்ணாவுக்கு அவரைக் கழட்ட மனமில்லை. "கல்லுப் பிள்ளையார் அண்ணா, பறந்து வந்தால் உங்கட நெத்தியிலதான் இருப்பார்" எண்டு சொல்லி என்ர ஹாண்ட்பாக்கில் வைத்துக்கொண்டன். புதுக் காருக்கு நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசிக்கிற சனம் நாங்கள். அந்த நாலு சில்லின் காற்றை மாதம் ஒருக்கால் பார்க்கிறதில்லை.

ஆளைத் தயார்ப்படுத்துவது இதைவிடக் கஷ்டம். யாழ்ப்பாணத்திலிருந்து இரவிரவாக ஓடிப்போய் விடியப்புறம் ட்ராக்கில் இறங்குறதுதான் அவரது திட்டம். நித்திரை இல்லாத கண்ணோட. சண்டை பிடித்து ஒருநாள் முந்திப் போய் வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் படுத்தம். பருத்தியில் நீளக்கை சேட், கட்டுகிற சப்பாத்து, அளவான ஹெல்மெற். நைலோன் உடுப்பு வேண்டாம், நெருப்புப் பிடித்தால் உருகித் தோலோட ஒட்டும். கொடிகளின் நிறங்களைப் போகும் வழியில் பாடமாக்கினோம்: மஞ்சள் எண்டால் முன்னால் ஆபத்து, முந்தக்கூடாது. சிவப்பு எண்டால் செஷன் நிறுத்தம். நீலம் எண்டால் பின்னால் வேகமான கார், வழி விடு. கறுப்பு எண்டால் உள்ளுக்கு வா. பெடியளுக்கு நீலம்தான் பிரச்சினை. வழி விடுறதை அவமானமாக நினைக்கினம்.

வவுனியா தாண்டும்போது நான் அவரிடம் ஒரே ஒரு சத்தியம் வாங்கினன். ஏதாவது சரியில்லை எண்டு தோன்றினால் அந்த றவுண்டிலேயே மெதுவாக உள்ளுக்கு வரவேணும். "இன்னும் ஒண்டு ஓடிப் பாப்பம்" இல்லை. பிறேக் ஒயிலை மாற்றச் செய்ய ஏலாமல் போன எனக்கு மிச்சமாக இருந்தது அதுதான்.

முதல் செஷன் நல்லாகப் போனது. முதல் றவுண்டுகளில் மெதுவாக ஓடிப் பாதையைப் பழகினார், கடைசி றவுண்டில் பிறேக் தொடாமல் காரை ஆறவிட்டுக்கொண்டு வந்தார், நிறுத்தினபிறகு ஹாண்ட் பிறேக் இழுக்கவில்லை, கியரில் விட்டுச் சில்லுக்குக் கல்லு வைத்தார். சூடான பிறேக்கை இறுக்கிப் பிடித்து வைக்கக்கூடாது. எனக்கே ஆசையாக இருந்தது. இரண்டாவது செஷனில் ஆறு றவுண்ட் முடிய முதல் கார் உள்ளுக்கு வந்தது. இறங்கின அண்ணாவின் முகம் வெளிறியிருந்தது. "பெடல் பஞ்சு மாதிரிப் போகுது" எண்டார்.

பக்கத்தில் நின்ற அவரது சிநேகிதர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "ஆறவிட்டுட்டு அடுத்ததுக்கு இறங்கு மச்சான், காசு கட்டினது." "தங்கச்சி பயப்படுத்திப்போட்டா." வீடியோ எடுக்க போன் பூட்டவிடாத கோபமும் அதில் இருந்தது. அண்ணா மிச்ச நாள் முழுக்க இறங்கவில்லை. அந்த வெயிலில் கூடாரத்துக்குக் கீழே இருந்து மற்றவர்களின் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அங்கே ஓடின ஆட்களில் எனக்கு மரியாதை வந்தது அவரில்தான், சொந்தம் என்பதற்காக இல்லை.

கம்பஸில் இதைச் சொன்னால், "வசதியான ஆக்களின்ர விளையாட்டு, கலைப்பீடத்துப் பிள்ளைக்கு அதில என்ன" என்கிறார்கள். பாதி உண்மை. கார் இல்லாதவனுக்கு ட்ராக் டே இல்லை, எங்கட பக்கத்திலிருந்து போய்வரவே ஒரு சின்னச் சம்பளம் வேணும். ஆனால் இந்த வேகம் ட்ராக்கில் பிறக்கிறதில்லை. ஏ9 வீதியில் இரவு பத்து மணிக்குப் பிறகு நின்று பாருங்கள். அங்கே மாடு இருக்கு, லைட் இல்லாத சைக்கிள் இருக்கு, எதிரில் பஸ் இருக்கு, மஞ்சள் கொடி காட்ட ஆள் இல்லை. ட்ராக் டே வந்தால் அது நிற்கும் என்று நான் நம்பவில்லை. பெடியள் ட்ராக்குக்கு எண்டு ஒருக்கால் பார்க்கிற ரயர் இலக்கத்தையும் பிறேக் ஒயிலையும் ரோட்டுக்கும் பார்த்தால் எனக்குப் போதும்.

ஞாயிற்றுக்கிழமை கராஜ் எல்லாம் பூட்டு. பெடல் ஆறித் திரும்பி வந்திருந்தாலும் அதை நம்பி எட்டு மணித்தியாலம் ஓட ஏலாது. ஊர்ந்து ஊர்ந்து சித்தி வீட்டுக்கு வந்தம். திங்கட்கிழமை காலமை வெள்ளவத்தையில் ஒரு மெக்கானிக் பழைய ஒயிலை இறக்கினார். பிளேன் ரீ நிறம். அதே நேரம் யாழ்ப்பாணத்தில் பெரியப்பா ஓட்டோ பிடித்துக் கிளினிக்குப் போனார். பெரியம்மா போனில் அதை மட்டும்தான் சொன்னா. ஓட்டோக்காசு எவ்வளவு எண்டும் சொன்னா. பிறேக் ஒயில் போத்தலைவிட அது கூட.